பொருளும் கையும் வழியும்: தமிழ் இல்லங்களில் முதலுதவி ஆயத்தத்தின் வரலாறு

அடிபட்டவருக்கும் திடீரென உடல்நலம் குன்றியவருக்கும், அவர்கள் மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை, அருகிலிருப்பவர் செய்கிற உடனடி உதவி முதலுதவி எனப்படும். உயிரைக் காப்பது, நிலைமை மேலும் மோசமாகாமல் தடுப்பது, குணமடையத் துணைநிற்பது ஆகிய மூன்றையும் அதன் நோக்கங்களாகப் பாடநூல்கள் வகுத்துக் கூறுகின்றன. போர்க்களத்திலும் ரயில்வேயிலும் தொழிற்சாலையிலும் இவ்வுதவி வளர்ந்த வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்க, அது நாள்தோறும் தேவைப்படுகிற வீட்டில் எவ்வாறு அமைந்திருந்தது என்பது அந்த அளவுக்குக் கவனிக்கப்படவில்லை. அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொள்வதும், உலைநீர் மேலே கொட்டிவிடுவதும், குழந்தை மண்ணெண்ணெயைக் குடித்துவிடுவதும், கொல்லைப்புறத்தில் பாம்பு தீண்டுவதும் வீட்டில் நேர்பவை. அவற்றை முதலில் எதிர்கொள்பவர்களும் வீட்டில் இருப்பவர்களே.

ஒரு வீடு இத்தகைய நேரத்துக்கு ஆயத்தமாக இருக்கிறது என்று சொல்வதற்கு மூன்று கூறுகள் வேண்டும். தேவையான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அப்பொருளை எப்போது எப்படிப் பயன்படுத்துவது என்றும், எப்போது பயன்படுத்தாமல் விடுவது என்றும் அறிந்த ஒருவர் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து மருத்துவரிடம் சென்று சேர்வதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். பொருள், கை, வழி ஆகிய இம்மூன்றும் தமிழ் இல்லங்களில் ஒரே காலத்தில் கூடி அமைந்ததில்லை. பழைய வீட்டில் பொருளும் கையும் இருந்தன, வழி இல்லை. இன்றைய வீட்டுக்குப் பொருளும் வழியும் கிடைத்துவிட்டன, கை அரிதாகிவிட்டது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான், இன்று வீடுகளில் எது விடுபட்டிருக்கிறது என்பது விளங்கும்.

பழந்தமிழ்ச் சான்றுகள்

வீட்டில் வைத்துப் புண்பட்டவரைப் பேணிய முறைக்குத் தமிழில் கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று புறநானூற்றின் 281ஆம் பாடல். அரிசில் கிழார் பாடிய இப்பாட்டில், போரில் புண்பட்டு வந்த தலைவனைக் காப்பதற்காகப் பெண்கள் வீட்டில் இரவ மரத்தின் தழையையும் வேப்பந்தழையையும் செருகி, ஐயவி என்னும் வெண்சிறுகடுகைத் தூவி, நறும்புகை எழுப்பி, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கக் காவல் இருக்கின்றனர். தீய ஆவிகளை விலக்கும் நம்பிக்கையும், புண்பட்டவரை அமைதியாக வைத்து இரவும் பகலும் உடனிருந்து பார்க்கும் நடைமுறையும் இதில் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. பரணர் சேரன் செங்குட்டுவனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில், மார்பில் பட்ட வெட்டை நீண்ட வெண்ணிற ஊசியால் தைத்த தழும்பு பேசப்படுகிறது. புண்ணைத் தைத்து மூடும் அறுவை நுட்பமும், தைத்த புண்ணைப் பேணும் வீட்டுக் கவனிப்பும் அக்காலத்தில் அருகருகே இருந்தன என்பதை இவ்விரு பாடல்களும் சேர்ந்து தெரிவிக்கின்றன.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அதன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து என்பவற்றோடு, உடனிருந்து பார்ப்பவரையும் அது நான்காம் கூறாக எண்ணுகிறது. மருத்துவருக்கும் மருந்துக்கும் இணையாக, அருகிலிருக்கும் பயிலாத மனிதரையும் மருத்துவத்தின் உறுப்பாக ஏற்ற இப்பகுப்பு, முதலுதவி பற்றிய எந்த வரலாற்றிலும் நினைக்கத்தக்கது.

நிறுவனமாக அமைந்த மருத்துவத்துக்குச் சோழர் காலச் சான்று திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திரன் காலத்தைச் சேர்ந்த இக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை, அதாவது மருத்துவமனை ஒன்றைக் குறிப்பிடுகிறது. அங்கு ஒரு மருத்துவர், சல்லியக்கிரியை எனப்பட்ட அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோருக்கான ஊதியமும், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் வரிசையாகப் பதியப்பட்டுள்ளன. ஆனால் இத்தகைய சாலை கோயிலையும் அதன் கல்விச்சாலையையும் சார்ந்தவர்களுக்காக அமைந்தது. ஆற்றங்கரைக் கோயிலுக்குப் பல காதம் தள்ளியிருந்த ஊரில், இருட்டிய பிறகு ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்தால், அவ்வீட்டில் இருப்பதைக்கொண்டுதான் காரியம் நடந்தாக வேண்டும்.

அடுக்களையே மருந்தகம்

அந்த வீட்டின் ஆயத்தம் கைமருந்து என்ற பெயரில் வழங்கியது. அது சமையலறையையும் கொல்லைப்புறத்தையும் நம்பியது. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றை அறையறையாகப் பிரித்து வைக்கும் அஞ்சறைப் பெட்டி சமையலுக்கும் மருந்துக்கும் பொதுவாக இருந்தது. அதற்கு அப்பால், சுக்கு, திப்பிலி, ஓமம், வசம்பு, கடுக்காய், சாதிக்காய், மாசிக்காய் முதலியவை தனியாக ஒரு டப்பாவிலோ துணி முடிப்பிலோ இருந்தன. கொல்லையில் துளசியும் கற்பூரவல்லியும் ஆடாதோடையும் நொச்சியும் நின்றன. கொடுக்கும் முறைகளும் வகைப்பட்டிருந்தன: சூடான துணியாலோ தவிட்டு மூட்டையாலோ வலியுள்ள இடத்தில் ஒற்றுவது ஒத்தடம், அரைத்த விழுதை வீக்கத்தின் மேல் தடவிக் காயவிடுவது பற்று, கொதிநீரின் ஆவியைப் போர்வைக்குள் இழுப்பது வேது.

இந்த அறிவு எவ்வளவு நுணுக்கமான கைப்பழக்கமாக இருந்தது என்பதற்கு, கைக்குழந்தைக்குக் கொடுத்த உரைமருந்து நல்ல எடுத்துக்காட்டு. சுக்கு, வசம்பு, கடுக்காய், சாதிக்காய், மாசிக்காய் போன்றவற்றை முன்கூட்டியே பக்குவப்படுத்தி வைத்துக்கொள்வர். வசம்பை விளக்குச் சுடரில் காட்டிக் கரியாகச் சுட்டெடுப்பர். குழந்தை வயிற்றுவலியால் வீறிட்டு அழும்போது, உரைகல்லில் சில துளி தாய்ப்பாலோ வெந்நீரோ விட்டு, ஒவ்வொரு சரக்கையும் அதில் ஓர் இழைப்போ இரண்டு இழைப்போ தேய்த்து, வழித்தெடுத்த சாந்தைக் குழந்தையின் நாக்கில் தடவுவர். எத்தனை முறை இழைப்பது என்பதே அளவு. குழந்தையின் வயதையும் வயிற்றின் நிலையையும் பார்த்து அந்த எண்ணிக்கையைப் பாட்டி முடிவுசெய்தார். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதையும் கொடுக்கலாகாது என்பது இன்றைய குழந்தை மருத்துவத்தின் உறுதியான அறிவுரை. ஆகவே அம்மருந்தைப் பழையபடி கொடுக்க வேண்டியதில்லை என்றாலும், அளவை அறிந்த ஒரு கை அவ்வீட்டில் எப்போதும் இருந்தது என்பதும், அக்கை தன் அறிவை அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தே கற்றுக்கொடுத்தது என்பதும் வரலாற்று உண்மைகள்.

கைமருந்து எக்காலத்திலும் மாறாத பழஞ்சொத்தும் அன்று. வயல்வேலையில் அரிவாள் பட்டால் இலையைக் கசக்கிச் சாறு பிழிகிற வெட்டுக்காயப் பூண்டு, தமிழகத்தின் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் தானாக முளைத்துக் கிடப்பது. கிணற்றடிப் பூண்டு என்ற பெயரும் அதற்கு உண்டு. வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, ஐரோப்பியர் கடல்வழி கண்ட பிறகே இந்திய மண்ணுக்கு வந்திருக்க முடியும். புதிதாக வந்த களையை எடுத்து, சோதித்து, பெயரிட்டு, தங்கள் முதலுதவியில் உழவர்கள் சேர்த்துக்கொண்டார்கள் என்பது, அம்மரபு திறந்த மனத்தோடு இயங்கியதைக் காட்டுகிறது.

ஆயினும் அம்மரபில் நன்மையும் தீமையும் கலந்தே இருந்தன. விரல் வெட்டுப்பட்டால் உடனே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, கையை மேலே தூக்கி, ஈரத்துணியைச் சுற்றுவது சரியான செயல். ரத்தப்போக்கை நிறுத்த நேரடி அழுத்தமே முதல் வழி என்று இன்றும் கற்பிக்கப்படுகிறது. அதன் பின்னர் காப்பித்தூளையோ சாம்பலையோ சாணத்தையோ அப்பியது அந்த நன்மையைக் கெடுத்தது. சாணத்திலும் மண்ணிலும் வாழும் கிருமியே இரணஜன்னி என்னும் டெட்டனசை உண்டாக்குவது. தொப்புள்கொடி அறுத்த இடத்தில் இவற்றை வைத்ததால் பச்சிளங் குழந்தைகள் பல இறந்தன. கருவுற்ற தாய்மார்களுக்குத் தடுப்பூசி போடுவதும் மருத்துவமனைப் பேறுகாலமும் பரவிய பின்னரே, தாய்-சேய் டெட்டனசை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015இல் அறிவிக்க முடிந்தது.

வீட்டுக்கு வெளியே வேறொரு வகைக் கையும் இருந்தது. கன்னியாகுமரிப் பகுதியின் ஆசான்கள், சிலம்பமும் அடிமுறையும் பயிற்றிய களரிகளிலேயே வர்ம மருத்துவத்தையும் போற்றினர். உடலில் அடிபட்டால் கேடு விளைக்கும் இடங்களான வர்மப் புள்ளிகளை அவர்கள் 108 என வகுத்தனர்; அடிபட்டு மயங்கியவரைத் தெளிவிக்கும் அமுக்கு முறைகளுக்கு அடங்கல் என்று பெயர். எலும்பு முறிந்தவருக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் வைத்தியர்கள் தமிழகமெங்கும் இருந்தனர். ஆந்திரத்துப் புத்தூரின் கட்டு தமிழ் ஊர்களில் பெரும் பெயர் பெற்றது. ஆனால் இவை குருவிடமிருந்து சீடனுக்கும் தந்தையிடமிருந்து மகனுக்கும் மறைவாகச் சென்ற அறிவுகள். அடுக்களை அறிவு எல்லோருக்கும் பொதுவாக இருந்தபோதிலும் கடும் விபத்தின்முன் தடுமாறியது. ஆசானின் அறிவு கடும் விபத்தைக் கையாண்டபோதிலும் ஒரு சிலரிடமே தங்கியது.

முதலுதவி பாடமானது

யார் வேண்டுமானாலும் கற்கக்கூடிய, தேர்வு வைத்துச் சான்று தரக்கூடிய ஒரு பாடமாக முதலுதவி உருவெடுத்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1859இல் சோல்பெரினோ போர்க்களத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த காயம்பட்டவர்களைக் கண்ட ஆன்ரி துனான்ட் எடுத்த முயற்சியால் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. 1877இல் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் நிறுவப்பட, அடுத்த ஆண்டிலேயே ராணுவ அறுவை மருத்துவர் பீட்டர் ஷெப்பர்டும் கர்னல் பிரான்சிஸ் டங்கனும் வூல்விச் நகரில் பொதுமக்களுக்கு வகுப்பு நடத்தத் தொடங்கினர். 1879 ஜனவரியில் ஜூலு போரில் ஷெப்பர்ட் கொல்லப்பட்டார் என்றாலும், அவர் எழுதிவைத்த பாடம் நூலாக வெளிவந்து பரவியது. ஜெர்மனியின் கீல் நகரில் பிரீட்ரிக் எஸ்மார்க் என்ற அறுவை மருத்துவர் இதே போன்ற வகுப்புகளைத் தொடங்கினார். ஒரே துணியைத் தலைக்கும் தோளுக்கும் முழங்காலுக்கும் விதவிதமாக மடித்துக் கட்டக்கூடிய முக்கோணக் கட்டுத்துணியைப் பெரிதும் பரப்பியவரும் அவரே.

தமிழ் மொழி இதற்கு முன்பே மேலை மருத்துவத்தை ஏற்றுக்கொண்டிருந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, இளைஞர்களுக்கு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்து, அதற்கான பாடநூல்களையும் தமிழில் உருவாக்கினார். அவற்றுள் ஒன்றான 'இரண வைத்தியம்' என்னும் அறுவை மருத்துவ நூல் 1867இல் வெளிவந்தது. காயத்தைக் கழுவுவது, ரத்தக் குழாயைக் கட்டுவது, முறிந்த எலும்பை நிறுத்துவது ஆகியவற்றையெல்லாம் தமிழில் தெளிவாகக் கற்பிக்க முடியும் என்று அவர் காட்டிவிட்டார். ஆனால் அவருடைய மாணவர்கள் மருத்துவர்களாகப் போனார்கள். அந்நூல்கள் வீட்டுப் பெண்களின் கைக்கு வரவில்லை.

அடுத்த நூற்றாண்டில் முதலுதவிப் பயிற்சி இந்தியாவுக்கு வந்தபோதும் இதே குறை தொடர்ந்தது. செயின்ட் ஜான் ஆம்புலன்சின் வகுப்புகளும், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பணியும், ரயில்வே ஊழியர், காவலர், சுரங்கத் தொழிலாளர், சாரணர், பள்ளி மாணவர் ஆகியோரைச் சென்றடைந்தன. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியத் தாக்குதலை எதிர்பார்த்து 1942இல் சென்னை நகரத்தவர் பெருமளவில் வெளியேறிய நாட்களில், வான்தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணியாளர்கள் தீயணைப்போடு முதலுதவியும் பயின்றனர். நெருக்கடி தணிந்ததும் அந்த ஏற்பாடு கலைந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒவ்வொரு 150 தொழிலாளருக்கும் ஒரு முதலுதவிப் பெட்டியாவது இருக்க வேண்டும் என்று விதித்ததோடு நில்லாமல், அப்பெட்டி முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. பொருளும் கையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற தெளிவு சட்டத்தை எழுதியவர்களுக்கு இருந்தது. அச்சட்டம் எட்டாத இடமாகிய வீட்டுக்கு அந்த இரண்டையும் யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

கடைச்சரக்கு வந்த வழி

வீட்டுக்கு வந்தவை கடைப் பொருள்கள். காயத்தில் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்திக் கிருமிகளைக் கொல்லும் முறையை ஜோசப் லிஸ்டர் 1867இல் வெளியிட்ட பிறகு, கிருமிநாசினி என்ற கருத்து மருத்துவமனையிலிருந்து மெல்ல மெல்ல வீட்டு அலமாரிக்கு நகர்ந்தது. டிங்க்சர் அயோடினும், 1930களில் தோன்றிய டெட்டாலும், தீக்காயத்துக்கான மஞ்சள் நிறப் பர்னாலும் நடுத்தரக் குடும்பங்களில் இடம்பிடித்தன. காசிநாதுனி நாகேசுவர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சனம் 1914இல் சென்னைக்கு இடம்பெயர்ந்து, தென்னிந்திய வீடுகளில் தலைவலிக்கு மறுபெயர் போலவே ஆயிற்று. ரங்கூனில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த டைகர் பாமும், சிங்கப்பூரின் கோடாலித் தைலமும், கடல் கடந்து பிழைக்கப் போன தமிழர்கள் ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவை. மனைவி சமையல் வேலையில் அடிக்கடி விரலைக் காயப்படுத்திக்கொள்வதைப் பார்த்து, அமெரிக்காவில் ஏர்ல் டிக்சன் 1920இல் உருவாக்கிய ஒட்டுக்கட்டு, பேண்ட்-எய்டு என்ற பெயரில் பெட்டிக்கடைவரை வந்தது. உலகமெங்கும் பரவிய இந்த முதலுதவிப் பொருள் ஒரு வீட்டு அடுக்களையின் தேவையிலிருந்து பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இப்பொருள்களோடு அவற்றைப் பயன்படுத்தும் அறிவு வந்து சேரவில்லை. அயோடின் எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று கருதப்பட்டது. காயத்தை ஓடும் நீரில் நன்றாகக் கழுவுவதே முதல் மருந்து என்பது சொல்லப்படவில்லை. பஞ்சைப் பச்சைப் புண்ணின் மேல் நேராக வைத்துக் கட்டினார்கள். இழைகள் புண்ணில் ஒட்டிக்கொண்டு மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது மீண்டும் ரத்தம் கசிந்தது. தீக்காயத்தில் இது இன்னும் பெரிய கேட்டை விளைத்தது. பழைய தோசைமாவுக்குப் பதிலாகப் பேனா மையும், பின்னர்ப் பற்பசையும் வந்தன. சுட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதே தோலின் ஆழத்துக்கு வெப்பம் இறங்காமல் தடுக்கும் வழி. மேலே பூசும் எந்தப் பொருளும் அவ்வெப்பத்தை உள்ளேயே அடைத்து, புண்ணின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமலும் செய்துவிடும். அதே வேளையில், வெந்துபோனவரை வாழையிலையில் கிடத்திய பழைய வழக்கத்தின் பயனை இந்திய மருத்துவமனைகள் ஆராய்ந்து, கிருமி நீக்கிய வாழையிலையை ஒட்டாத மலிவான கட்டாகப் பயன்படுத்தியும் பார்த்தன. பழையது என்பதாலேயே ஒன்று நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிவிடுவதில்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று சோதித்தே அறிய வேண்டியிருந்தது.

பாம்புக்கடி: கைவிடக் கற்ற வரலாறு

இந்தச் சோதனை மிக நீண்டும் மிகக் கடுமையாகவும் நடந்த துறை பாம்புக்கடி. தமிழ் ஊர்களில் கடிபட்டவருக்கு மிளகையோ வேப்பிலையையோ மெல்லக் கொடுத்து, உறைப்பும் கசப்பும் தெரிகிறதா என்று பார்த்தார்கள். தெரியாவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று முடிவுகட்டினார்கள். கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறி ரத்தத்தை வெளியேற்றுவதும், விஷக்கல்லை ஒட்டவைப்பதும், மந்திரிப்பதும் அடுத்த படிகள். பாம்புக்கடிகளுள் பல விஷம் இறங்காத கடிகளாகவும், நஞ்சில்லாப் பாம்புகளின் கடிகளாகவும் இருப்பதால், எந்த வைத்தியம் செய்தாலும் பலர் பிழைத்தார்கள். அந்த வைத்தியத்துக்குப் பெயர் கிடைத்தது.

ஆங்கிலேய மருத்துவமும் இதில் தொடக்கத்தில் பெரிதாக முந்திவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் இயற்கை ஆய்வாளராக இருந்தவரும், கண்ணாடிவிரியனின் ஆங்கிலப் பெயருக்குக் காரணமானவருமான பாட்ரிக் ரசல், 1796இல் வெளியான தம் நூலுக்காகப் பாம்புகளை ஆராய்ந்தபோது, பாஷாணம் சேர்த்துச் செய்யப்பட்ட தஞ்சாவூர் மாத்திரை என்ற புகழ்பெற்ற விஷமுறிவையும் விலங்குகளிடம் சோதித்துப் பார்த்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1904இல், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கடிவாயில் தேய்க்கும் முறை லண்டனில் முன்மொழியப்பட்டது. அதற்கென்றே சிறு கருவி ஒன்று செய்யப்பட்டு இந்தியாவெங்கும் வழங்கப்பட்டது. விரல் நீள மரக்குழல் ஒன்றின் ஒரு முனையில் சிறு கத்தி. மறுமுனையில் இருந்த அறையில் கருஞ்சிவப்புப் படிகங்கள். கடிவாயைக் கத்தியால் கீறி, படிகங்களை உள்ளே வைத்துத் தேய்க்க வேண்டும். பையில் வைத்துக்கொள்ள ஏற்ற அழகான அக்கருவி நஞ்சை முறிக்கவில்லை. தசையை அரித்துப் புண்ணாக்கியது. பல ஆண்டுகள் கழித்து அது கைவிடப்பட்டது.

உண்மையான மருந்து 1890களில் ஆல்பர்ட் கால்மெட் உருவாக்கிய நஞ்சுமுறிவு ஊசியிலிருந்து வந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சையும் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து இம்மருந்து செய்யப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைத் தமிழ்நாட்டில் எடுத்துத் தருபவர்கள் இருளர்கள். பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டு வாழ்வாதாரம் இழந்த அவர்களுக்காக பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்குகிறது. பிடிக்கும் பாம்புகளைச் சில வாரம் வைத்திருந்து நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024இல் அறிவித்தது.

இவ்வளவு நீண்ட வரலாற்றுக்குப் பிறகு வீட்டில் செய்ய வேண்டியது என்று எஞ்சி நிற்பது மிகச் சிறிது: கடிபட்டவரைத் தேற்றி, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் பத்தை வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, நஞ்சுமுறிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போவது. இறுக்கிக் கட்டாதிருப்பதும் கீறாதிருப்பதும் உறிஞ்சாதிருப்பதும் அறிவின் குறைவால் விடப்பட்டவை அல்ல. பலருடைய காலும் உயிரும் போன பிறகு கற்றுக்கொண்ட பாடங்கள்.

நாய்க்கடியின் வரலாறும் இதே பாதையில் சென்றது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்படும்வரை, தென்னிந்தியாவில் வெறிநாய் கடித்தவர்கள் தடுப்பூசிக்காக வடக்கே இமயமலைச் சாரலில் உள்ள கசௌலிக்குப் போக வேண்டியிருந்தது. பின்னாளில் ஆட்டு மூளையிலிருந்து செய்த ஊசியை வயிற்றில் பல முறை போட்டுக்கொள்ள வேண்டியிருந்த அச்சத்தால், கடிவாயில் சுண்ணாம்பையும் மிளகாய்த்தூளையும் வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பலர். கடிவாயைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுவது கிருமியின் அளவையே குறைத்துவிடும். இச்செயலுக்கு வேண்டிய பொருள் எல்லா வீட்டிலும் எப்போதும் இருந்தது, சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

உப்பும் சர்க்கரையும்

பொருளையும் கையையும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு முயற்சி உண்டு; அது வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல். குளுக்கோஸ் உடனிருந்தால் சிறுகுடல் உப்பையும் அதன் வழியே நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது என்ற கண்டுபிடிப்பே அதன் அடிப்படை. 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது எல்லையோர ஊரான பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்களைத் தயாரித்து, கரைத்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த சாவு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. செவிலியர் செய்ய வேண்டியதாகக் கருதப்பட்ட சிகிச்சையைத் தாயும் தமக்கையும் செய்து உயிரைக் காத்தார்கள். 1980 முதல் வங்காளதேசத்தின் பிராக் நிறுவனம் வீடு வீடாகப் பெண் பணியாளரை அனுப்பி, கரைசலைத் தாய்மார்கள் தங்கள் கையாலேயே கலக்கும்படி பழக்கி, சரியாகக் கலக்கிறார்களா என்று திரும்பவும் போய்ச் சோதித்தது.

தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் இப்பணியைச் செய்தனர். பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று அஞ்சி வாயைக் கட்டிய வழக்கத்தை அவர்கள் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு உப்பிட்ட கஞ்சியும் மோரும் இளநீரும் கொடுத்த வேறொரு பழைய வழக்கம் கைகொடுத்தது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் என்ற கணக்கு எழுத்தறியாத வீட்டிலும் நின்றது. வீட்டு முதலுதவி வரலாற்றில் முழு வெற்றி என்று சொல்லத்தக்கது இதுவே. பொருள் மலிவாகவும் முறை எளிதாகவும் இருந்ததோடு, ஒருவர் வீட்டுக்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார் என்பதே அதன் காரணம்.

வழி திறந்தபின் செய்ய வேண்டியது

மூன்றாம் கூறாகிய வழி கடைசியாகத் திறந்தது. மாட்டுவண்டியிலும், கட்டிலைக் கவிழ்த்துக் கட்டிய தூக்கிலும், தோளில் சுமந்த தூளியிலும் நோயாளியைக் கொண்டுபோன காலத்தில், பயணமே பலரைக் கொன்றது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஊர் ஊராகப் பரவியதும், 2005இல் ஐதராபாத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்ததும் இந்நிலையைப் பெரிதும் மாற்றின. இன்று பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் ஊர்தி வருகிறது. மலையூர்கள் சிலவற்றுக்கு இன்றும் அது எட்டவில்லை என்பதை மறக்கலாகாது.

ஊர்தி வந்து சேரும்வரையுள்ள நிமிடங்கள் இன்னும் வீட்டாருடையவையே. மாரடைப்பில் இதயம் நின்றுபோனால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்தும் முறை 1960இல் வெளியிடப்பட்டது; நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்று இன்று கற்பிக்கப்படுகிறது. எந்தப் பொருளும் தேவைப்படாத, கை மட்டுமே தேவைப்படுகிற முதலுதவி அது. அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லாவிட்டால், தெருமுனைவரை வந்துவிட்ட ஊர்தியாலும் பயனில்லாமல் போகலாம். கூட்டுக் குடும்பம் கலைந்து, முதியவர் இருவர் மட்டுமோ, ஒரு தாயும் சிறு குழந்தையும் மட்டுமோ இருக்கிற அடுக்ககங்கள் பெருகிய காலத்தில், பக்கத்தில் உட்காரவைத்துக் கற்பித்த அந்தப் பழைய சங்கிலி அறுந்துவிட்டது. அதன் இடத்தில் புதிய சங்கிலி இன்னும் அமையவில்லை.

ஆகவே இன்றைய வீட்டின் ஆயத்தம் பெட்டியில் தொடங்கினாலும் அதோடு முடிந்துவிட முடியாது. தூய கட்டுத்துணி, ஒட்டுக்கட்டு, கத்தரிக்கோல், கையுறை, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காய்ச்சல்மானி, கைவிளக்கு ஆகியவை குழந்தைக்கு எட்டாத, ஆனால் வீட்டில் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும். காலாவதியான மருந்துகள் அவ்வப்போது களையப்பட வேண்டும். வீட்டார் ஒவ்வொருவரும் உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாமை, அவசர எண்கள், நஞ்சுமுறிவு கிடைக்கும் அருகிலுள்ள மருத்துவமனையின் பெயர் ஆகியவை ஒரு தாளில் எழுதப்பட்டுக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். இவற்றுக்கு மேலாக, அழுத்தவும் கழுவவும் குளிர்விக்கவும் கட்டவும் பழகிய இருவராவது அவ்வீட்டில் இருக்க வேண்டும். அடிபடுபவர் அவர்களுள் ஒருவராகவே இருந்துவிடலாம் என்பதால் ஒருவர் மட்டும் போதாது.

இதற்கான கட்டமைப்பு தமிழ்நாட்டில் முன்பே இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாதந்தோறும் கூடுகின்றன. அங்கன்வாடியும் கிராம சுகாதாரச் செவிலியரும் ஒவ்வொரு ஊரையும் எட்டுகின்றனர். பள்ளிகளில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் செயல்படுகிறது. சிறிதும் மருத்துவம் பயிலாத தாய்மார்கள் ஒரு லிட்டர் நீரில் உயிர்காக்கும் கரைசலைப் பிழையின்றிக் கலக்கக் கற்றார்கள் என்றால், நெஞ்சை அழுத்தவும் ரத்தத்தை நிறுத்தவும் பாம்புக்கடியில் கயிற்றைக் கீழே போடவும் அவர்களால் கற்க முடியும். தொழிற்சாலைப் பெட்டிக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று 1948இல் சட்டம் கண்ட தெளிவு ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொருந்தும் என்று ஏற்றுக்கொண்டு, அந்தப் பயிற்சியை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்வதுதான் இவ்வரலாறு இன்றைய தலைமுறையிடம் ஒப்படைக்கும் வேலை.